தொடக்கூடாத தாடை

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். கியிங்கியின் சித்தப்பா மகளைப் பெண் கேட்டு வந்த நாளில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் முழங்காலிட்டு வணக்கம் சொன்ன அவன் மனைவி எரினா, எழுந்திருக்க முடியாமல் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கினார்கள். அப்போது அவளுடைய வலது கால் வெடவெடவென்று நடுங்கியதைப் பந்தலுக்குள் இருந்த முந்நூறு பேரும் பார்த்தார்கள். மாமியாரும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "இது ஒபுகோ" என்றார்.

அந்த ஒரு சொல் போதும். மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் தொட்டுவிட்டால் உடம்பில் வந்து சேரும் நடுக்கத்துக்கு அதுதான் பெயர். அதைச் சொல்லிவிட்டு யாரும் விளக்கம் தருவதில்லை. கேட்கிறவர்கள் மீதியைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள். மூன்றே நாளில் மசாக்கா ஊர் முழுக்க நிரப்பி முடித்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமை குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசுவதாக ஏற்பாடு.

அதற்குள் எரினா தலைநகர் கம்பாலாவுக்குப் போய் முதுகைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். படத்தில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் அதைப் பார்த்த டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. படுக்கையிலிருந்து எழுவதே இப்போது எரினாவுக்கு ஒரு தனி வேலை. முதலில் இடப்பக்கம் புரள வேண்டும். இரண்டு கால்களையும் சேர்த்துக் கீழே விட வேண்டும். பிறகு முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, முகத்தைச் சுளிக்காமல் நிமிர வேண்டும். முகத்தைச் சுளிக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. எதிரே கண்ணாடி முன்னால் கியிங்கி தலை வாரிக்கொண்டிருப்பான்.

"டாக்டர் என்னதான் சொன்னாரு?" என்று கேட்டான். இரண்டு நாளில் இது ஐந்தாவது தடவை.

"தசைப்பிடிப்புன்னார். மாத்திரை குடுத்திருக்கார்."

"தசைப்பிடிப்புக்கா அவ்வளவு பெரிய கவரு?"

"படம் பெருசு. அதனால கவரும் பெருசு."

கியிங்கி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். இருபத்தைந்து வருஷமாக மாணவர்களின் பொய்களைக் கேட்டுக் காது புளித்துப் போனவன். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனைவி சொன்னதால் அவனுக்குப் பிடிபடவில்லை. அவளால் குனிய முடியவில்லை என்பது வரைதான் அவனுக்குத் தெரியும். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் காலடிக்கு வந்தான்.

"ஜன்னல் திரையை இழுத்து விடுங்க, தெண்டோ அப்பா."

"எதுக்கு?"

"உங்க அம்மா வாழைத்தோட்டத்துல நிக்கறாங்க. மகன் பொண்டாட்டி முன்னால மண்டி போட்டிருக்கறதைப் பார்த்தா சனிக்கிழமைக் கூட்டத்தை இன்னைக்கே வச்சிருவாங்க."

கியிங்கி சிரித்துக்கொண்டே திரையை இழுத்தான். மண்டியிட்டு இரண்டு ஷூவையும் மாட்டினான்.

"இறுக்கமா இருக்கா?"

"சரியா இருக்கு."

இடது காலைப் பொறுத்தவரை அது உண்மை. வலது காலில் ஷூ இருக்கிறதா இல்லையா என்பதே கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும்.

கம்பாலா டாக்டர் முதலில் சிரித்துத்தான் பேசினார். "பல் டாக்டர்தானே? சொல்ல வேண்டாம், நீங்க நடந்து வந்ததுலயே தெரிஞ்சுது" என்றார். படத்தை வெளிச்சத்தில் பிடித்த பிறகு அந்தச் சிரிப்பு இல்லை. அடிமுதுகு எலும்புகளுக்கு நடுவிலிருந்த மெத்தை பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. "மூணு மாசம் அந்த நாற்காலி பக்கமே போகக்கூடாது. போனீங்கன்னா பாதம் அப்படியே தொங்கிடும். அப்புறம் எந்த நாற்காலியும் கிடையாது." மூன்று மாதம் கழித்துத் திரும்ப வேலை பார்க்கலாமா என்று எரினா கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். ஒரு டாக்டர் பார்க்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது இன்னொரு டாக்டருக்குத் தெரியாதா?

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அவள் மருமகள். முழங்காலிட்டுத் தேநீர் கொடுக்க வேண்டியவள், பெரியவர்கள் பேசும்போது தரையைப் பார்க்க வேண்டியவள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் பிஷப்பே வந்தாலும் அவள் 'வாயைத் திறங்க' என்றால் திறந்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கென்று இருந்தது அந்த மூன்றடி இடம்தான். அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

கிளினிக் வாசல் பெஞ்சில் எட்டரைக்கே பதினோரு பேர் காத்திருந்தார்கள். கியிங்கியின் தங்கை தியோபிஸ்டா கதவைத் திறந்து, கருவிகளைக் கொதிக்க வைத்து முடித்திருந்தாள். பதினான்கு வருஷமாக எரினாவுக்கு உதவியாள் அவள்தான். எச்சில் உறிஞ்சும் குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை அத்தனையையும் சொல்லி முடிப்பாள்.

"அண்ணி, உட்கார்ந்துக்கிட்டே பண்ணுங்களேன். அந்தச் சக்கர ஸ்டூலை எதுக்கு வாங்கினோம்? பஞ்சுப் பெட்டி உட்காரவா?"

"பெட்டியாவது நிம்மதியா உட்காரட்டும், விடு."

அந்த ஸ்டூலுக்கு ஒரு கதை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பாலாவில் பல் டாக்டர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து காட்டினார். முழங்கால் இரண்டும் நாற்காலியின் சாய்மானத்துக்கு அடியில் போக வேண்டும், கழுத்தை வளைக்காமல் கண்ணாடியில்தான் பல்லைப் பார்க்க வேண்டும், நோயாளியின் தலை உங்கள் மடியிலேயே இருப்பது போல நெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூடத்திலிருந்த பெண் டாக்டர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரின் தலையை மடிக்கு இழுக்கிற பெண் டாக்டரிடம் அடுத்த நாள் யார் வருவார்கள்?

எரினா ஸ்டூலை வாங்கினாள், உட்காரவில்லை. வயதானவர் வந்தால் முதலில் முழங்காலிட்டு நலம் விசாரிப்பாள். பிறகு எழுந்து, தன் உடம்பு அவர் மேல் உரசாதபடி ஒரு கை தூரம் தள்ளி நின்று, இடுப்பை ஒடித்து, கழுத்தைத் திருப்பி வாய்க்குள் பார்ப்பாள். நாற்காலியைத் தூக்கும் பொறி பழுதாகி இரண்டு வருஷம் ஆகிறது, அது தாழ்ந்தே கிடந்தது. ஆக, அவள் ஊருக்குக் கொடுத்த மரியாதை முழுவதும் அவளுடைய இடுப்பில் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவதாக உள்ளே வந்தவள் சப்பாத்திக் கடை ஹஸீஃபா. கீழ்க்கடைவாயில் சொத்தை. எரினா துளைக்கும் கருவியை எடுத்து, வலது காலால் தரையிலிருந்த பெடலை மிதித்தாள். கருவி சுழன்றது. சொத்தை பாதி போனதும் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

கருவி நிற்கவில்லை.

கையைச் சட்டென்று மேலே தூக்கிவிட்டாள். அது காற்றில் சுழன்று கத்தியது. கீழே பார்த்தாள். எடுத்துவிட்டதாக அவள் நினைத்த கால் பெடலின் மேல்தான் இருந்தது, நன்றாக அழுத்திக்கொண்டு. இடது கையால் தொடையைப் பிடித்துத் தூக்கித்தான் அதை நகர்த்த முடிந்தது.

"என்ன அண்ணி?"

"பெடல் ஒட்டிக்குது."

"நேத்துத்தானே துடைச்சேன்?"

"மறுபடியும் துடை."

வாய் நிறையப் பஞ்சோடு ஹஸீஃபா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மீதி வேலையை எரினா இடது காலால் மிதித்து முடித்தாள். எழுதப் பழகுகிற குழந்தை மாதிரி நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டியிருந்தது. ஹஸீஃபா நன்றி சொல்லிவிட்டுப் போனதும் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினாள். சுழன்ற கருவிக்கு அரை அங்குலம் தள்ளித்தான் அந்தப் பெண்ணின் நாக்கு இருந்தது.

பத்து மணிக்குத் தியோபிஸ்டா வாசலிலிருந்து வேகமாக உள்ளே வந்தாள். அவள் குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை.

"அண்ணி, அப்பா வந்திருக்கார். மோட்டார் சைக்கிள்காரன் பின்னால உட்கார்ந்து வந்திருக்கார். முகத்தைப் பார்த்தீங்கன்னா பயந்துருவீங்க."

மாமனார் ஸெபோவாவுக்கு எழுபத்தெட்டு வயது. கிளினிக்குக்கு வந்தால் உள்ளே வர மாட்டார். கொல்லைப்புறத்து அவக்காடோ மரத்தடியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருவதுதான் வழக்கம். இன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், தாடையை மாமியாரின் தலைத்துணியால் கட்டிக்கொண்டு. எரினா பின்கதவுக்கு உள்ளேயே முழங்காலிட்டு வணக்கம் சொன்னாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. இருவருக்கும் நடுவில் தியோபிஸ்டா நின்றாள்.

"எத்தனை நாளா வலிக்குதாம்?" என்றாள் எரினா.

"எத்தனை நாளாப்பா?"

"ஆறு நாள்னு சொல்லு." பல்லைக் கடித்தபடியேதான் அவரால் பேச முடிந்தது.

"ஆறு நாளாம் அண்ணி."

"வாய் எவ்வளவு திறக்குதுன்னு பாரு."

"அப்பா, ஆ காட்டுங்க. ஒரு விரல்கூடப் போகாது அண்ணி. உடம்பு நெருப்பா கொதிக்குது."

"வலிக்கு மாத்திரை மட்டும் குடுக்கச் சொல்லு. கம்பாலாவுக்குப் போய் எடுத்துக்கறேன்" என்றார் ஸெபோவா.

"மாத்திரை மட்டும் போதும்னு சொல்றார்."

"கேட்டுது தியோ."

ஊரில் இன்னொரு பல் டாக்டர் இருக்கிறார். அக்கா இறந்துபோய்ச் சொந்த ஊருக்குப் போனவர் வெள்ளிக்கிழமைதான் வருவார். எரினா கதவோரத்திலிருந்து மாமனாரைக் கவனித்தாள். வலது தாடையிலிருந்து கழுத்து வரை வீங்கிப் பளபளத்தது. அவர் நிமிஷத்துக்கு ஒருமுறை துணியால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எச்சிலை விழுங்க முடியுதான்னு கேளு."

தியோபிஸ்டா கேட்பதற்குள் அவரே இல்லை என்று தலையாட்டிவிட்டார்.

எரினா கணக்குப் போட்டாள். சீழ் நாக்குக்கு அடியில் இறங்கிவிட்டால் மூச்சுக்குழாய் அடைக்கும். கம்பாலாவுக்கு மூன்று மணி நேரம், டாக்ஸி வேனில் ஆள் நிரம்பக் காத்திருக்கும் நேரம் தனி. வழியில் வாழைக்காய் வண்டி ஒன்று குறுக்கே நின்றால் ஐந்து மணி நேரம்.

"கம்பாலா வரைக்கும் தாங்காது. இப்பவே சீழை வெளியே விட்டுப் பல்லை எடுக்கணும். உள்ள கூட்டிட்டு வா."

"வேண்டாம்னு சொல்லு. அவ என்னைத் தொடக்கூடாது."

தியோபிஸ்டா பொறுமை இழந்தாள். "என்னப்பா புதுசா? அஞ்சு வருஷம் முன்னாடி புனித வெள்ளி அன்னைக்கு இதே அண்ணிதானே உங்க பல்லை எடுத்தாங்க? நான்தானே தலையைப் பிடிச்சேன்? மூணு பேருமா சேர்ந்து அம்மாகிட்ட மறைக்கலையா?"

"அதனாலதான் சொல்றேன்."

ஸெபோவா எழுந்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். இருபது வருஷத்தில் முதல் முறையாக, நடுவில் ஆள் வைக்காமல் பேசினார்.

"மருமகளே, அன்னைக்கு நீ எட்ட நின்னு, என் சட்டைகூட உன் மேல படாம, முக்கால் மணி நேரம் குனிஞ்சு எடுத்தே. முடிச்சுட்டு சுவரைப் பிடிச்சுட்டு நின்னே. நான் பார்த்தேன். அதுக்கப்புறம் உன் கால் போயிட்டுது. என் ஒரு பல்லுக்கு உன் காலை வாங்கிட்டேன். இன்னொரு பல்லுக்கு உன் கையையும் வாங்கணுமா? எனக்கு எழுபத்தெட்டு ஆச்சு. போனா போகட்டும்."

கிழவர் தன் உடம்புக்காகவே பயப்படுகிறார் என்றுதான் எரினா நினைத்திருந்தாள். ஐந்து வருஷமாக அவள் நடக்கும்போதெல்லாம் அந்தக் காலைப் பார்த்து இவர் தன்னையே நொந்துகொண்டிருந்திருக்கிறார்.

கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார், முந்நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நம்பக்கூடும். ஆனால் அதைத் தியோபிஸ்டா கேட்பாள். தியோபிஸ்டா கேட்டால் மதியத்துக்குள் கியிங்கி கேட்பான். அதோடு நாற்காலி போய்விடும். எரினா களைத்திருந்தாள். பொய்யைத் தொடரவும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

"உள்ள வாங்கப்பா. தொட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு காட்டணும்."

அவர் வந்து சுவரோரம் நின்றார். எரினா ஸ்டூல் மேலிருந்த பஞ்சுப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

"தியோ, என் ரெண்டு ஷூவையும் கழட்டு. சொத்தையைக் குத்திப் பார்க்கற கொக்கியை எடு. நான் கண்ணை மூடிக்கிறேன். எந்தப் பாதத்துல வேணாலும் குத்து, சொல்லாம குத்து."

"அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"குத்துடி."

தியோபிஸ்டா தயங்கித் தயங்கிக் குத்தினாள்.

"இடது கட்டைவிரல்" என்றாள் எரினா. "இப்போ இடது ஓரம். ம், அடுத்தது." சற்று நேரம் போயிற்று. "என்ன, குத்தலையா இன்னும்?"

கண்ணைத் திறந்தாள். வலது பாதத்தில் மூன்று இடத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் நின்றது. தியோபிஸ்டா கொக்கியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எரினா பையிலிருந்து கவரை எடுத்துப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். "இதாம்ப்பா என் முதுகு. இந்தக் கறுப்புத் திட்டு தெரியுதா? இதுதான் என் காலைத் தின்னுது. ஒபுகோன்னா உங்களைத் தொட்ட கை முதல்ல நடுங்கணும். பாருங்க." இரண்டு கையையும் நீட்டினாள். அவை அசையாமல் நின்றன. "இது உங்க பல்லால வந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமா ஊர்ல அத்தனை பேர் பல்லாலயும் வந்தது. எட்ட நின்னு குனிஞ்சு குனிஞ்சு நானே வரவழைச்சுக்கிட்டேன். மூணு மாசம் வேலையைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கப்புறமும் முடியுமான்னு தெரியாது."

"அப்போ காலைல பெடல் ஒட்டிக்கலையா?" தியோபிஸ்டா பெடலைப் பார்த்தாள்.

"இல்லை."

"அண்ணி, அந்த ஹஸீஃபா…"

"தெரியும் தியோ. எனக்குத் தெரியாதா?"

ஸெபோவா படத்தைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே போய் நாற்காலியில் உட்கார்ந்து, தாடைக் கட்டை அவிழ்த்தார். அவருக்கு மறுபடியும் பழைய வழக்கம் வந்துவிட்டது.

"தியோ, உங்க அண்ணியை அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்து எடுக்கச் சொல்லு. போன தடவை மாதிரி எட்ட நின்னா நான் எழுந்து போயிருவேன்."

"உட்கார்ந்தா உங்க தலை அவங்க மடியில வருமேப்பா!"

"தலைதானே? கழட்டியா வைக்க முடியும்?"

தியோபிஸ்டா அழுதுகொண்டே சிரித்தாள். வெந்நீர் எடுக்கப் போகிற சாக்கில் கொல்லைக்குப் போய் அண்ணனுக்கு போன் போட்டாள்.

எரினா நாற்காலியை முழுக்கச் சாய்த்தாள். ஸ்டூலை அவர் தலைமாட்டுக்கு உருட்டி, முழங்கால் இரண்டையும் சாய்மானத்துக்கு அடியில் விட்டாள். நரைத்த தலை அவள் வயிற்றில் வந்து சாய்ந்தது. கிழவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவளுக்கும் கன்னம் சுட்டது. மாமனாரின் தலை எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது.

மரத்துப்போக ஊசி போட்டாள். காத்திருந்து, கிடைத்த இடைவெளியில் கத்தியை நுழைத்து ஈறைக் கீறினாள். சீழ் பொங்கி வந்தது. தியோபிஸ்டா முகத்தைச் சுளித்தபடி உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். அழுத்தம் குறையக் குறைய வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. கண்ணாடியில் பார்த்தபடியே இடுக்கியைப் பல்லில் பொருத்தி, இடது கையால் தாடையை ஏந்திக்கொண்டு ஆட்டினாள். துளைக்கும் கருவி வேண்டியிருக்கவில்லை, பெடல் ஓரமாகச் சும்மா கிடந்தது. பல் இரண்டு வேரோடும் வந்தது.

இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் முதுகு ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு சுலபமாகவா இருந்தது என்று எரினாவுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளக் கை சுத்தமாக இல்லை.

"விழுங்கிப் பாருங்கப்பா."

ஸெபோவா விழுங்கினார். கண்ணைத் திறந்து, தலைகீழாகத் தெரிந்த மருமகளின் முகத்தைப் பார்த்தார். "போகுது" என்றார்.

"ஊசி மருந்து அஞ்சு நாள் போட்டுக்கணும். ராத்திரி மறுபடி வீங்கினா உடனே சொல்லணும்."

"சனிக்கிழமை கூட்டத்துல நானே பேசிக்கிறேன். யாரும் வாயைத் திறக்க வேண்டாம்."

"எதைப்பா பேசுவீங்க? மடியில தலை வச்சதையா?" என்றாள் தியோபிஸ்டா.

"முதல்ல அதைத்தான்."

அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எரினாவும் எழப் பார்த்தாள். வலது கால் கேட்கவில்லை. சக்கரம் உருண்டு ஸ்டூல் பின்னால் நழுவியது. தியோபிஸ்டா தட்டை வைத்துவிட்டு வருவதற்குள் கிழவர் கையை நீட்டினார். எரினா அந்தக் கையைப் பார்த்தாள். தொடக்கூடாத கை. பிறகு அதை இறுகப் பிடித்தாள். அவர் இழுத்தார், அவள் எழுந்து நின்றாள்.

வாசலில் கியிங்கி நின்றுகொண்டிருந்தான். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அப்பாவின் கையையும் மனைவியின் கையையும் பார்த்தான். ஜன்னலோரம் கிடந்த கவரைப் பார்த்தான். அதிலிருந்த டாக்டரின் தாளை எடுத்து, மெதுவாக முழுதும் படித்தான்.

"அப்பாகிட்ட சொன்னே" என்றான்.

"ஆமா."

"தியோகிட்ட சொன்னே."

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அதான்."

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கியிங்கி அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை, கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைத்தான்.

"வெளியே இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க அண்ணி" என்றாள் தியோபிஸ்டா. "என்ன சொல்லட்டும்?"

மூன்று பேரும் எரினாவைப் பார்த்தார்கள்.

"போகச் சொல்லு."

"நாளைக்கு வரச் சொல்லவா?"

"வேண்டாம்."

"அப்போ எப்போன்னு கேப்பாங்களே?"

எரினா கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். "நீ இரு. அவங்களுக்கு நானே சொல்றேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். அவளைக் கண்டதும் பெஞ்சிலிருந்த ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. கிளினிக் இனிமேல் கிடையாது. வாயைத் திறந்தாள்.

அதற்குள் முன்னால் நின்ற வயதான அம்மாள் ஒருத்தி, தன் முறை வந்துவிட்டது என்று நினைத்து, தலைத்துணியை ஒதுக்கிக்கொண்டு ஆவென்று வாயைத் திறந்தாள். "இந்தப் பல்லுதான் டாக்டரம்மா. மூணு நாளா தூக்கமே இல்லை" என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டுக்கொண்டே எரினா குனிந்தாள்.